கவரின் உட்பக்கம்

மாடு எழும்பிப் போய்விட்டது.
கார்தான் கிடந்தது, ஒலுமடு வளைவில்
ஒரு கண் உடைந்து.
கட்டாக்காலி.
செத்திருந்தால் ஐந்து சொந்தக்காரர் வந்திருப்பார்கள்,
சாகாதபடியால் அது ஒருவருடைய மாடும் இல்லை.

வலப்பக்கச் சட்டம் உள்ளே மடிந்து
புல்லியில் முட்டி
புல்லி அலுமினியத்தில் முட்டி
மயிரளவு வெடிப்பு, மேலிருந்து கீழ்வரை.
அதன் வழியே என் கராஜ் மண்ணுக்கு
ஒயில், சொட்டுச் சொட்டாக,
அவசரமே இல்லாமல்.

"டைமிங் செயின் கவர் போயிட்டுது."
"மூடிதானே அண்ணை?"
மூடிதான்.
அதைக் கழற்ற
எஞ்சினுக்கு ஜாக் கொடுத்துத் தூக்கவேணும்,
ஒரு பக்க மவுண்டை அவிழ்க்கவேணும்,
ஒயில் சம்பை இறக்கவேணும்,
நிதர்சன் மத்தியானம் சாப்பிடாமல் இருக்கவேணும்.

இன்பமலர் மணப்பெண் சோடிக்கிறவ.
ஞாயிறு துணுக்காயில் கலியாணம்.
பின்சீற்றில் சவுரி, ஒட்டியாணம், பவுடர் டப்பாக்கள்;
மோதலில் ஒன்று திறந்து
சீற்றெல்லாம் சந்தன நிறம்.
நிசான் சன்னி என்றுதான் வாங்கினவ.
அன்றைக்கு அதைச் சனி என்றே கூப்பிட்டா.

பஞ்சிகாவத்தையில் இருந்து பழைய கவர் ஒன்று
உரப்பையில் சுற்றி இரவு பஸ்ஸில் வந்தது.
மாங்குளம் சந்தியில், விடிய மூன்றே முக்காலுக்கு,
கொண்டக்டர் காலால் தள்ளி இறக்கினார்.
உட்பக்கத்தில் யாரோ பூசிய சாம்பல் சிலிக்கன்.
பிளேட்டால் சுரண்டச் சுரண்ட
கீழே எழுத்து.
ஆணியால் கீறிய சிங்களம், இரண்டு வரி.
எனக்கு அந்த எழுத்தில்
பஸ் போர்ட்டும் பொலிஸ் துண்டும்தான் பிடிபடும்.
நிதர்சன் போனில் படம் எடுத்தான்.
பேந்து பாப்பம்.

உடைந்ததைக் கழற்ற, செயின் வெளியே தெரிந்தது.
செம்பு நிறக் கண்ணிகள்
பற்சில்லுக் குறிகளுக்கு நேரே
சொன்ன சொல் மாறாமல் நின்றன.
ஆனால் விரலால் அமத்த, ஆடியது.
அதைத் தாங்கும் பிளாஸ்ரிக் கைட்
நகம் மாதிரித் தேய்ந்து.

"இதையும் மாத்துவம்."
விலை சொன்னேன்.
லீசிங் காசு பதினெட்டாம் திகதி என்றா.
பிறகு குனிந்து பார்த்தா, கனநேரம்,
மணப்பெண்ணின் கன்னத்துப் பருவைப் பார்ப்பது போல.
"வெளியில தெரியாதுதானே?"
"தெரியாது. கேட்கும்."

சிலிக்கன் பூச முதல்
ஒருக்கா வெறுமனே பொருத்திப் பார்த்தோம்.
எல்லாப் போல்ற்றையும் நிதர்சன்
ஒரே பால்மாப் பேணியில் போட்டிருந்தான்.
கீழே ஒன்று மீந்து நின்றது,
மற்றது பிடிக்கவே இல்லை.
ஒரு மணித்தியாலம் திட்டித் தீர்த்தேன்,
அவனை, மாட்டை, ஜப்பானை.

தேத்தண்ணி கொண்டுவந்த கடைப் பெடியன்
தம்புள்ளைச் சந்தையில் மூட்டை தூக்கினவன்.
போனை வாங்கி வாசித்தான்:
"திறக்கிறவருக்கு. கீழ்ப் போல்ற் இரண்டும் நீளம் வேறு.
மாத்திப் போடாதே."

நிதர்சன் நிலத்தில் இருந்து சிரித்தான்.
எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.
யாரோ ஒருத்தன்
அவனிடமும் ஒரு பால்மாப் பேணி இருந்திருக்கிறது.

கவரை மறுபடி இறக்கி
அந்த இரண்டு வரிக்குக் கீழே
நானும் ஆணி எடுத்தேன்.
"கைட் தேஞ்சிட்டுது. கண்டனான். சொன்னனான்."
கிலோமீற்றரையும் போட்டேன்.
அதற்குமேல் சிலிக்கன், ஒரே கோடாய்,
எங்கும் அறாமல்.
இருபது போல்ற்றும் சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக.

ஞாயிறு போய் வந்தா. ஒரு துளி ஒழுக்கில்லை.
கலியாண வீட்டுப் பலகாரம்
உரப்பை ஒன்றில் கராஜுக்கு வந்தது.

வீடு பின் ஒழுங்கையில்தான்.
காலை ஆறரைக்கு அவ ஸ்ரார்ட் பண்ணுகையில்
நான் ஸ்பனரைக் கீழே வைத்துவிடுவேன்.
குளிர்ந்த எஞ்சின். உள்ளே ஒரு கிலுகிலுப்பு.
பிறகு ஒயில் ஏற, அடங்கிவிடும்.
போன கிழமை ஒரு செக்கன்.
நேற்று ஒன்றரை.

இன்றைக்குப் பதினேழாம் திகதி.